19 நாளில் இரண்டு வருடம்

ஒலிபரப்பறையில் என் எதிரே சுவரில் ஒரு சிவப்பு எண் கடிகாரம் இருக்கிறது. காலை ஏழு மணி ஐம்பத்தொன்பது நிமிடம் ஆனதும் பாடலைப் பற்றியோ நேயரைப் பற்றியோ எனக்கு யோசனை இருக்காது, அந்தச் சிவப்பு எண்ணைப் பற்றி மட்டும்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் நாலு விநாடி பிந்திவிட்டேன். செய்தி வாசிப்பவரின் முதல் வரியை நானே விழுங்கிவிட்டேன். அன்று மேலாளர் என்னைத் திட்டவில்லை. அந்தக் கடிகாரத்தை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார், போய்விட்டார். பன்னிரண்டு வருடம் ஆகிறது, இன்னும் மறக்கவில்லை.

இப்படி விநாடிக்குப் பயந்து வாழும் என்னிடம், நாள் கணக்கே தெரியாத ஒரு கணினி வந்து சேர்ந்தது.

கிள்ளானில் இருக்கும் என் மாமாவை இந்தப் பக்கத்தில் முன்பும் குறிப்பிட்டிருக்கிறேன், தீபாவளிக்கு முறுக்குப் பிழியும் மாமா. அவர் ஒரு காலத்தில் கல்யாண வீடியோ எடுத்தவர். தோளில் பெரிய கேமரா, இடுப்பில் பேட்டரி, பின்னால் விளக்குப் பிடிக்க ஒரு பையன். எடுத்து முடித்த நாடாவுக்குத் தலைப்புப் போட அவர் வாங்கி வைத்திருந்ததுதான் கொமடோர் அமிகா 1200. விசைப்பலகைக்குள்ளேயே முழுக் கணினியும் அடங்கிய தட்டையான பெட்டி. 1992 கடைசியில் சந்தைக்கு வந்தது. 1994 ஏப்ரலில் கொமடோர் நிறுவனமே திவாலாகிவிட்டது. ஆனாலும் வீடியோக்காரர்கள் அதை விடவில்லை, காரணம் உண்டு. அந்தப் பெட்டியின் படத்தை ஓடுகிற வீடியோவின் மேலேயே ஒட்ட முடியும். அதற்கு ஜென்லாக் என்று ஒரு சிறு கருவி போதும். மற்ற கணினிகளில் அதே வேலைக்குப் பல மடங்கு செலவாகும்.

தமிழ் எழுத்துரு? அதெல்லாம் கிடையாது. 'டீலக்ஸ் பெயின்ட்' என்ற வரைகலை மென்பொருளில் மாமா ஒவ்வொரு எழுத்தையும் சுட்டியால் வரைந்து வைத்திருந்தார். 'மணமகன்' என்று எழுத அவருக்கு 'ம' ஒன்று போதும், அதையே நகலெடுப்பார். 'ஸ்ரீ' வரைய மட்டும் இரண்டு நாள் ஆனதாம்.

போன பள்ளி விடுமுறையில் மாமா வீட்டுப் பரண் காலி செய்யும் வேலை நடந்தது. "தூக்கிப் போட்டுரவா, நீ எடுத்துக்கிறியா பாப்பா?" என்றார். எனக்கு முப்பத்தைந்து வயது. மாமாவுக்கு நான் இன்னும் பாப்பாதான். எடுத்துக்கொண்டேன்.

பழைய அமிகாவை அப்படியே மின்சாரத்தில் செருகிவிடக் கூடாது. உள்ளே இருக்கும் சின்னச் சின்ன மின்தேக்கிகள் வருடங்கள் போகப் போகக் கசிந்து பலகையை அரிக்கும். கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் மின்னணு உதிரிகள் விற்கும் வரிசையில் ஒரு பெரியவரைப் பிடித்தேன். ஒரு வாரத்தில் எல்லாத் தேக்கிகளையும் மாற்றிக் கொடுத்தார். அதைவிட முக்கியமான ஒன்றையும் அவர் செய்தார். "இந்த வன்தட்டு டக்டக்குன்னு சத்தம் போடுது. ஓட்டுறதுக்கு முன்னாடி பிரதி எடு" என்று சொல்லி, தட்டில் இருந்ததை ஒரு எழுத்து விடாமல் ஒரு நினைவு அட்டைக்கு நகலெடுத்தார். அட்டை கணினிக்குள் போனது, அசல் வன்தட்டு ஒரு உறைக்குள் போனது.

மாமா வீட்டுப் பழைய தொலைக்காட்சியிலேயே இணைத்து முடுக்கினோம். வந்தது! மாமா கைதட்டினார். திரையில் தேதி 9 செப்டம்பர் 1996, இரவு மணி பதினொன்று பத்து.

வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அணைத்துவிட்டு, சாப்பிட்டு வந்து, மறுபடி முடுக்கினேன். அதே 9 செப்டம்பர், அதே இரவு பதினொன்று பத்து.

இது பழுதில்லை. அமிகா 1200 விற்பனைக்கு வந்தபோது அதற்குள் மின்கலத்தில் ஓடும் கடிகாரம் வைக்கவில்லை. வேண்டுமென்றால் தனியாக வாங்கிப் பொருத்திக்கொள்ள வேண்டும். கடிகாரம் இல்லாத அமிகா விழித்தெழும்போது, தன் தட்டில் கடைசியாக எப்போது எழுதினோம் என்று பார்க்கும். அந்த நேரத்தையே 'இப்போது' என்று எடுத்துக்கொண்டு அங்கிருந்து எண்ணத் தொடங்கும். அணைந்திருந்த நேரம் அதற்குக் கிடையாது. ஒரு இரவு தூங்கினாலும் இருபத்தெட்டு வருடம் பரணில் கிடந்தாலும் ஒன்றுதான்.

தினமும் வேலை தொடங்குமுன் தேதியைக் கையால் தட்டிக் கொடுப்பதுதான் வழி. 'டேட்' என்ற கட்டளைக்குப் பின்னால் நாள், மாதத்தின் மூன்று எழுத்து, வருடத்தின் இரண்டு எண். ஒரு வேடிக்கை, 'டேட் டுமாரோ' என்று தட்டினாலும் ஏற்றுக்கொண்டு ஒரு நாள் முன்னே போய்விடும். அந்த வசதி ஒலிபரப்பறையில் இருந்தால் திங்கட்கிழமை காலைகளில் எனக்கு உதவும்.

சரி, கையால் தட்டுவதெல்லாம் அந்தக் காலம். இணையத்தில் இணைத்து நேரத்தைத் தானாக வாங்க வைப்போம் என்று முடிவு செய்தேன். இரண்டு சனிக்கிழமை போனது. ஆர்வமில்லாதவர்கள் அடுத்த சில பத்திகளைத் தாவிக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இணையத்தில் நேரம் கேட்டு வாங்கும் முறைக்கு என்டிபி என்று பெயர். அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் மில்ஸ் உருவாக்கியது. முதல் வரையறை 1985 செப்டம்பரில் வெளியானது. அவர் 2024 ஜனவரியில் காலமானார். உங்கள் கைப்பேசி, வங்கி இயந்திரம், விமான நிலையப் பலகை என்று நேரத்தை ஒத்துப்போக வைத்திருக்கும் பெரும்பாலான கருவிகளுக்குப் பின்னால் அவர் வேலையோ அதன் வழி வந்த ஏதோ ஒன்றோ இருக்கும்.

அதன் சூட்சுமம் வானொலிக்காரிக்கு உடனே புரிந்தது. பத்துமலையிலிருந்து தைப்பூச நேரலை செய்யும்போது நிலையத்தில் இருப்பவர் "வணக்கம்" என்பார். என் "வணக்கம்" அவருக்குப் போய்ச் சேர இரண்டு விநாடி ஆகும். போக ஒன்று, வர ஒன்று என்று வைத்துக்கொண்டு நாங்கள் பேச்சை அமைத்துக்கொள்வோம். என்டிபியும் அதையேதான் செய்கிறது. கணினி தன் நேரத்தைக் குறித்து ஒரு சிறு கடிதம் அனுப்பும். மறுமுனையில் இருக்கும் சேவையகம் கடிதம் வந்த நேரத்தையும் பதில் புறப்படும் நேரத்தையும் எழுதித் திருப்பும். பதில் வந்து சேர்ந்ததும் கணினி மொத்தப் பயணத்தை எடுத்து, மறுமுனையில் தங்கிய நேரத்தைக் கழித்து, மீதியைப் பாதியாக்கும். போகும் வழியும் வரும் வழியும் ஒரே தூரம் என்ற நம்பிக்கையில்தான் எல்லாம் நடக்கிறது. சில சமயம் அது தப்பாகவும் இருக்கும். அதனால்தான் நல்ல மென்பொருள்கள் ஒருவரைக் கேட்காமல் நாலு பேரைக் கேட்கின்றன.

அந்த நாலு பேரும் வேறு சிலரிடம் கேட்டவர்கள். மேலே போகப் போக அணுக்கடிகாரத்தில் போய் முடியும். நம் நாட்டின் தர நேரத்தைக் காப்பது சிப்பாங்கில் இருக்கும் தேசிய அளவியல் கழகம். விமான நிலையத்துக்குப் போகும் வழியில் அந்தப் பக்கம் எத்தனை முறை போயிருப்போம்!

அமிகாவின் இடதுபுறம் ஒரு துளை உண்டு, அந்தக் கால மடிக்கணினி அட்டைகள் செருகுவதற்கு. அதில் பழைய வலையமைப்பு அட்டை ஒன்றைச் செருகினேன். 16 பிட் அட்டைதான் வேலை செய்யும். பார்வைக்கு அதேபோல் இருக்கும் 32 பிட் அட்டைக்குப் பணம் கொடுத்து ஏமாந்த கதை தனி. கூடுதல் நினைவகமும் நான்கு மெகாபைட்டோடு நிறுத்திக்கொண்டேன், எட்டு போட்டால் அந்தத் துளை வேலை செய்யாது. 'ரோட்ஷோ' என்ற மென்பொருள் கணினியை இணையத்தோடு பேச வைத்தது. நேரம் கேட்கும் குட்டி நிரலை அமிநெட்டில் எடுத்தேன். அமிகாக்காரர்கள் பல பத்தாண்டுகளாக நிரல்களைச் சேர்த்து வைத்திருக்கும் இணையக் கிடங்கு அது.

முதல் முயற்சியில் பதிலே இல்லை. பிறகுதான் புரிந்தது. கணினி தொடங்கும்போது வரிசையாக ஓடும் கட்டளைகளில் நேரம் கேட்கும் வரியை வலையமைப்பு வரிக்கு அடுத்தே போட்டிருந்தேன். வலையமைப்பு எழுந்து, திசைவியிடம் முகவரி வாங்கி, மூச்சு விடுவதற்குள் இவன் போய்க் கேள்வி கேட்கிறான். நடுவில் 'வெயிட் 10' என்று ஒரு வரி சேர்த்ததும் சரியானது.

இரண்டாம் முயற்சியில் பதில் வந்தது. ஆனால் நேரம் பதினாறு மணி நேரம் பின்னால் நின்றது! இணையம் கொடுப்பது உலகப் பொது நேரம். அதோடு எட்டு மணி கூட்டினால்தான் நம் மலேசிய நேரம். நேர வலயத்துக்கான மாறியில் நான் கூட்டல் எட்டு என்று எழுதியிருந்தேன். யூனிக்ஸ் மரபைப் பின்பற்றும் அந்த மாறியில் கணக்கு தலைகீழ். உள்ளூர் நேரத்தோடு எவ்வளவு சேர்த்தால் பொது நேரம் வரும் என்று அது கேட்கிறது. கிழக்கே இருப்பவர்கள் கழித்தல் எட்டு என்று எழுத வேண்டும். நான் மாமா வீட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கலிபோர்னியாவில் வைத்திருக்கிறேன்.

"எட்டா? எங்க காலத்துல ஏழரைதானே" என்றார் மாமா. சனி பற்றிப் பேசுகிறார் என்று நினைத்தேன். இல்லை. தீபகற்ப மலேசியாவும் சிங்கப்பூரும் 1981 முடியும்வரை பொது நேரத்துக்கு ஏழரை மணி முன்னால் இருந்தன, சபாவும் சரவாக்கும் எட்டு மணி. 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை மணிக்குக் கடிகாரத்தை அரை மணி தள்ளி வைத்தார்கள். பதினொன்றரை அடித்ததும் புத்தாண்டு! "பிரியாணி தம்முல இருக்கு, அதுக்குள்ள ஹேப்பி நியூ இயர்னு கத்துறானுங்க" என்றார் மாமா. தாத்தா காலத்தில் இன்னும் மோசம், ஜப்பானியர் ஆட்சியில் இங்கே தோக்கியோ நேரம் ஓடியது.

குறியை மாற்றி எழுதிவிட்டு ஓட்டுவதற்குமுன், தட்டில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுத்தேன். அங்கேதான் என் கை நின்றது.

1994லிருந்து கோப்புகள் ஒழுங்காக இருந்தன. வாரம் ஒன்றோ இரண்டோ, தை மாதத்திலும் ஆவணியிலும் கூடுதல், ஆடியில் ஒன்றுமில்லை. கல்யாணத் தொழிலின் நாடித்துடிப்பு அப்படியே தேதிகளில் தெரிந்தது. 1996 ஆகஸ்ட் 21 வரை அப்படி. அதற்குப் பிறகு நாற்பது கல்யாணங்கள் இருந்தன. நாற்பதும் ஆகஸ்ட் 21க்கும் செப்டம்பர் 9க்கும் இடையே. பத்தொன்பதே நாள். விடியற்காலை மூன்று நாற்பதுக்கு ஒரு தலைப்பு, நண்பகலுக்கு அடுத்தது, நள்ளிரவுக்கு இன்னொன்று. பேய் மாதிரி உழைத்திருக்கிறாரே என்று நினைத்தேன். ஒரு கோப்பைத் திறந்தேன். கோப்பின் தேதி 4 செப்டம்பர் 1996. திரையில் மாமா வரைந்த எழுத்தில் கல்யாணத் தேதி 8-2-1998.

"மாமா, இது என்ன, நடக்காத கல்யாணத்துக்கு ஒன்றரை வருஷம் முன்னாடியே தலைப்புப் போட்டிருக்கீங்க?"

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெருங்கி வந்தார். பட்டியலை மேலிருந்து கீழே படித்தார். ஆகஸ்ட் 21ல் விரல் வைத்தார்.

"உங்க அத்தைதான் பாப்பா தேதி சொல்லுவா."

அந்த வீட்டில் தினசரி நாள்காட்டி அடுப்பங்கரைச் சுவரில் தொங்கியது. காலையில் அத்தைதான் தாளைக் கிழிப்பார். கிழித்துக்கொண்டே அங்கிருந்து சத்தமாகச் சொல்வார், "இருபத்தொண்ணு, புதன்!" மாமா இங்கே தட்டுவார். கணக்குப் புத்தகம், முன்பணம், எந்த மண்டபம், எல்லாம் அத்தையிடம். கோப்பின் தேதியும் அத்தையின் புத்தகமும் ஒத்துப்போக வேண்டும். அதற்காகத்தான் அந்தக் காலைக் கத்தல்.

ஆகஸ்ட் 22 வியாழக்கிழமை காலை அத்தை குளியலறையில் மயங்கி விழுந்தார். மூளையில் இரத்தக் கசிவு. மருத்துவமனைக்குப் போனவர் திரும்பவில்லை. அப்போது எனக்கு ஏழு வயது இருக்கும். அத்தையின் கண்ணாடி வளையல் சத்தம்தான் நினைவிருக்கிறது.

மாமா ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பியிருக்கிறார். தேதி தட்டவில்லை. "தட்டணும்னு தோணல" என்றார், அவ்வளவுதான். கடிகாரமில்லாத கணினி விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்திருக்கிறது. அவர் முடுக்கி வைத்திருந்த நேரம் மட்டும் அதன் கணக்கில் ஏறியிருக்கிறது. நான் அங்கேயே கைப்பேசியில் கணக்குப் போட்டேன். பத்தொன்பது நாள் என்றால் 456 மணி நேரம். ஒரு கல்யாணத்துக்குப் பதினொரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். சரியாகத்தான் வருகிறது. ரிங்கிட் டாலருக்கு 3.80 என்று கட்டப்பட்ட 1998 செப்டம்பரில் மாமா கடையை மூடினார். இரண்டு வருடம் மாமா தனியாக வாழ்ந்தார், அந்தப் பெட்டிக்கு அது பத்தொன்பது நாள்.

எனக்கு நேரத்தைத் திருத்த மனம் வரவில்லை. திருத்தினாலும் பழைய கோப்புகளின் தேதி மாறாது என்று தெரியும். மாறுவது அது விழிக்கும் நேரம் மட்டும்தான். ஒருமுறை சரியான நேரம் வாங்கி ஏதாவது எழுதிவிட்டால், இனி அது 1996ல் விழிக்காது. அசல் வன்தட்டு உறைக்குள் பத்திரமாக இருக்கிறது, அதுவும் தெரியும். ஆனாலும் விசையின் மேல் கை போகவில்லை.

"மாமா, மாத்தவா? இல்ல இப்படியே விட்டுரவா?"

"தப்பான மணியை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? மாத்து."

மாற்றினேன். பத்து விநாடி காத்திருந்தது. பிறகு திரையின் மேல்பட்டையில் அன்றைய தேதியும் மாலை ஐந்து மணி பதினேழு நிமிடமும் வந்து உட்கார்ந்தன. என்டிபி 1900 ஜனவரி 1லிருந்து விநாடிகளை எண்ணுகிறது, அமிகா 1978 ஜனவரி 1லிருந்து. நடுவில் 2,461,449,600 விநாடி. அதைக் கழித்துவிட்டுத்தான் அந்தக் குட்டி நிரல் நேரத்தை அமிகாவிடம் கொடுத்தது. என்டிபியின் எண்ணும் 2036 பிப்ரவரி 7ல் நிரம்பி மறுபடி சுழியத்துக்குப் போகும், அது வேறு பஞ்சாயத்து.

மாமா திரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். சுவர்க் கடிகாரம் மூன்று நிமிடம் பிந்தியிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். "வேணாம் மாமா, விழுந்துருவீங்க" என்றேன். கேட்கவில்லை. முள்ளைத் திருப்பிவிட்டுத்தான் இறங்கினார்.

பிறகு, "அந்த நாற்பதையும் தாள்ல எடுத்துக் குடு" என்றார். அச்செடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் உண்மையான கல்யாணத் தேதியைப் பேனாவால் எழுதி வருகிறார். தலைப்பிலேயே தேதி உள்ளவை, பழைய நாடா அட்டையில் எழுதி வைத்தவை, நினைவில் இருப்பவை என்று இதுவரை இருபத்தாறு கிடைத்துவிட்டன. மீதிப் பதினான்குக்குப் பெயர் மட்டும்தான் இருக்கிறது. கணக்குப் புத்தகத்தில் தேடலாம் என்றால், அது 1996 ஆகஸ்ட் 21ல் நிற்கிறது.

ஆகவே வாசகர்களே, 1996 செப்டம்பருக்கும் 1998 செப்டம்பருக்கும் இடையில் கிள்ளான் வட்டாரத்தில் கல்யாணம் செய்தவர்கள், அல்லது உங்கள் அப்பா அம்மா செய்திருந்தால், வீட்டில் இருக்கும் கல்யாண நாடாவை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஆரம்பத்தில் ஒரு தாமரை விரிந்து, அதற்குள்ளிருந்து பெயர்கள் எழும். வலதுபக்கம் மூன்றாவது இதழ் மட்டும் மற்றவற்றைவிடச் சற்றுத் தாமதமாக விரியும். அப்படி இருந்தால் அது மாமா போட்டது. தேதியை இந்தப் பக்கத்துக்கு எழுதி அனுப்புங்கள், மாமாவிடம் சேர்த்துவிடுகிறேன்.